ஊசிக்குப் பின் ரத்தம் எடுக்க வேண்டாம்: சுங்கை சிப்புட் தோட்ட நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

கெண்டீன் சமையல்காரர்களுக்கும் பிள்ளைக் காப்பக ஆயாக்களுக்கும் ஹெபடைடிஸ் ஏ (அசுத்த உணவு, தண்ணீர் வழியே தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசி போட முன்வந்தது நல்ல காரியம். ஆனால் ஒரு மாதம் கழித்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, ஊசி பிடித்ததா என்று பார்க்கும் யோசனை வீண்செலவு.

நோய் வந்து தேறியவர் உடம்பில் ஊறும் எதிர்ப்பாற்றலைவிட ஊசியால் ஊறுவது மிகக் குறைவு. பாதுகாப்புக்கு அது போதும். வழக்கமான லேப் சோதனையில்தான் சிலருக்கு அது பிடிபடாது. 'நெகட்டிவ்' என்று தாள் வந்தால் ஆளும் பயப்படுவார், மேற்பார்க்கும் மண்டோரும் பயப்படுவார். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஊசிக்கு முன்பு பெரியவர்களுக்கு எடுங்கள். லயத்தில் வளர்ந்தவர்களில் சிலருக்குச் சிறுவயதிலேயே இந்நோய் தெரியாமல் வந்து போயிருக்கும். அவர்களுக்கு ஊசியே வேண்டாம்.

ஊசி பலிக்குமா என்பதை முன்பே பார்த்துவிட்டார்கள். 1991இல் நியூயார்க் மாநிலத்து மன்ரோவில் 1,037 பிள்ளைகளுக்குப் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்குத் தடுப்பு மருந்தில்லாத வெற்று ஊசி. ஐம்பதாம் நாளுக்குப் பின் வெற்று ஊசிக்காரர்களில் 25 பேருக்கு நோய். மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. தடுப்பூசி போட்ட சிலருக்கும் நோய் வந்தது, ஆனால் முதல் மூன்று வாரத்தில் மட்டும். கிருமி உள்ளே 15 முதல் 50 நாள் பதுங்கியிருக்கும் என்பதால், அவர்களுக்கு முன்பே தொற்றியிருந்தது. இங்கேயும் அப்படி யாருக்காவது கண் மஞ்சளானால் ஊசியைக் குறை சொல்லாதீர்கள்.

மருந்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஐஸ்பெட்டிதான். 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். குப்பி உறைபெட்டிச் சுவரை ஒட்டக்கூடாது. உறைந்தால் மருந்திலுள்ள அலுமினிய உப்பு திரண்டு வீரியம் போய்விடும். உருகியபின் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் வீசிவிடுங்கள். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

ஊசி மேல்கைத் தசையில், பிட்டத்தில் அல்ல. போட்டதும் 15 நிமிடம் உட்காரவையுங்கள். கடும் ஒவ்வாமை அபூர்வம், ஆனாலும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓரிரு நாள் கை வலி, அசதி, தலைவலி சகஜம். அதற்குமேல் எதுவானாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்புங்கள்.

ரத்தச் சோதனைக்கு ஒதுக்கிய ரிங்கிட்டை 6 முதல் 12 மாதம் கழித்துப் போடவேண்டிய இரண்டாம் ஊசிக்கு வையுங்கள். ஆள் தோட்டம் மாறிப்போனால் அதுதான் விட்டுப்போகிறது. தேதி எழுதிய அட்டை ஆபீஸ் அலமாரியில் அல்ல, அவர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வட்டார மருந்தாளர்களும் தாதியரும்