ஆயாவின் கண்டாங்கிகளைப் பையாக்க உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அம்மானுடைய (என் தாய்மாமன்) வயது நிறைவுச் சாந்தி விசேஷம் நல்லபடியாக முடிந்து, பந்தல் பிரித்து, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையைப் பற்றித்தான் ஆளாளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கடையில் வாங்கினோம், ஒன்று என்ன விலை என்று. வாங்கவில்லை, ஆயாவின், அதாவது ஆத்தாவைப் பெற்ற பாட்டியின், பழைய கண்டாங்கிச் சேலைகளில் நாங்களே தைத்தோம் என்றால், உடனே பாராட்டு முழுவதும் என் தலையில் வந்து விழுகிறது. அலுவலகம் விட்டு வந்து ராத்திரியில் உட்கார்ந்து மெஷின் மிதித்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. தைப்பது எனக்குப் பிடித்த வேலை, அதைச் செய்ததற்கு எதற்குப் பாராட்டு? பிடிக்காத வேலையை, யாரும் படம் எடுத்துப் போடாத வேலையைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், பள்ளத்தூர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு. "எம் பேரைப் போட்டுறாதீக" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள், சரி, போடவில்லை. செட்டிநாட்டு வீடு என்றால் வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு மனுஷியின் அன்றாடச் சேலைகள் பூச்சி அரிக்காமல் எப்படிக் கிடந்தன என்று யாரும் கேட்பதில்லை. ஆயா கடைசிக் காலத்தில் சென்னையில் அம்மான் வீட்டோடு இருந்துவிட்டார், நாங்களும் வருஷத்தில் ஒரு விசேஷத்துக்கு எட்டிப் பார்த்தால் உண்டு. அந்தக் காலம் பூராவும் கோடை வந்தால் சேலைகளை வெளியே எடுத்து, நடு முற்றமான வளவில் நேர் வெயில் படாத பக்கமாகக் காற்றாட விரித்து, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து உள்ளே போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் மடிப்பை மாற்றி மடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். நூல் சேலை ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் சரியாக அந்த மடிப்பு வரியிலேயே இற்றுப்போகும், தொட்டால் கிழியும். யாரும் சொல்லிக் கொடுத்து நீங்கள் இதைச் செய்யவில்லை. அப்புறம் சேலைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, லேசாகக் கஞ்சி போட்டுக் கொடுத்ததும் நீங்கள். கஞ்சி போட்ட துணி கத்தரிக்கு வழுக்காமல் நின்றது, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்து அயித்தை. பெட்டியை அறையில் இருந்து வெளியே எடுத்த அன்றைக்கே தெருவில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் வந்து நின்றார். அத்தனை சேலைக்கு ஒரு நல்ல குண்டானே வந்திருக்கும். அயித்தை ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் அவரை அனுப்பிவிட்டார், "இருக்கிற குண்டானைத் துலக்கவே ஆளில்லை" என்று. பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கண்டாங்கியைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் கல்யாணத்துக்குக் கூட எடுத்துக் கட்டுகிறார்கள். ஆயாவுக்கு அது வீட்டில் கட்டுகிற சேலை. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டு, சாண் அகலத்துக்குக் கரை வைத்து, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு விறகடுப்பிலும் கிணற்றடியிலும் புழங்கின சேலை. அதனால் எதை ஊசி தாங்கும், எதைத் தாங்காது என்று எனக்குப் பயம். காரைக்குடியில் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர், எங்களுக்கு எந்த உறவும் இல்லை, ஒரு முற்பகல் முழுவதும் இதற்காகச் செலவழித்தார். ஒவ்வொரு சேலையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் பாவுப் பக்கம், அதாவது நெடுக்காக, ஒரு இழுப்பு, ஊடைப் பக்கம், குறுக்காக, ஒரு இழுப்பு. இழை அறுகிற சத்தம் வந்தால் ஒரு பக்கம், வராவிட்டால் இன்னொரு பக்கம். உடல் இற்றுப்போன சேலையிலும் கரை நன்றாக இருக்கும், அங்கே இழை நெருக்கம் அதிகம் என்று சொல்லி, கைப்பிடிக்குக் கரையை எடு, உடல் பக்கத்துக்கு உள்ளே காடாத் துணி கொடு, அந்தக் காடாவை முதலில் நனைத்துக் காயப் போடு, இல்லாவிட்டால் பின்னால் சுருங்கிப் பையையே கோணலாக்கிவிடும் என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஐயா, நீங்கள் சொன்னபடியேதான் செய்திருக்கிறோம், பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்.

அப்புறம் மெஷின். ஆயாவின் கல்யாணச் சாமான் எழுதின நோட்டில் மங்குச் சாமானுக்கும் (எனாமல் பாத்திரம்) ஜாடிக்கும் நடுவே "தையல் மிஷின் பழசு 1" என்று இருக்கிறது. அப்போதே பழசு. ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, வியாபாரத்துக்கு, போயிருந்த காலத்தில், யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்ததாம். தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்துத் தேடிச் சொன்னது அம்மான் மகன். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் கம்பெனி வைத்திருந்த தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையையே 1980இல் மூடிவிட்டார்கள். நம் மெஷினும் கிட்டத்தட்ட மூடின நிலையில்தான் இருந்தது, சக்கரம் ஒரு அங்குலம் கூட நகரவில்லை. தட்டிப் பார்க்காமல், எண்ணெய் ஊற்றிப் பார்க்காமல், காரைக்குடியில் இருந்து மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தோம். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவுடனே சொல்லிவிட்டார், யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகி இரும்பைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக அசைத்து, அதைக் கசிய விட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அசைத்து... துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் இருந்து நமத்தின பஞ்சு ஒரு பொட்டலம் வந்தது. எந்தப் பாவாடையின் நூலோ, எந்தத் தலையணை உறையோ. தோல் பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டிக் கிளிப் போட்டு இறுக்கினார். இந்த மெஷினுக்கு நீளப் பாபின், இப்போது எல்லோரும் வைத்திருக்கும் உருண்டைப் பாபின் ஆகாது, ஆயாவிடம் இருந்தது ஒன்றுதான் கிடைத்தது. அண்ணன் தன் கடைத் தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடி இன்னும் இரண்டு எடுத்துக் கொடுத்தார். கூலியைக் கறாராக வாங்கிக்கொண்டார். அதுதான் நியாயம், வேலை தெரிந்தவர் வேலைக்கேற்ற கூலி வாங்க வேண்டும்.

நூல் விஷயத்தில் எங்கள் தெரு டெய்லர் அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒரு கடையில் பருத்தி நூல் என்று கேட்டுத்தான் வாங்கி வந்தேன். அக்கா ஒரு முழம் வெட்டித் தீக்குச்சி காட்டினார். சாம்பலாகிக் காகிதம் எரிந்த வாசனை வந்தால் பருத்தி. இது உருகி, நுனியில் மணி போலக் கட்டியாக நின்றது. பாலியெஸ்டர் நூல் புதுத் துணிக்குச் சரி, இத்தனை வயதான சேலையில் போட்டால் துணியைவிட நூல் வலுவாக இருந்து நாளாவட்டத்தில் துணியை அறுத்துவிடும் என்று சொல்லி, தன்னிடம் இருந்த பருத்தி நூல்கண்டுகளைக் கொடுத்தார். தையலை நெருக்கமாகப் போடாதே, அங்குலத்துக்குப் பத்து போதும், நெருக்கிப் போட்டால் ஊசி ஓட்டைகளே வரிசையாகச் சேர்ந்து கிழிய வழி பண்ணும் என்றதும் அவர்தான். முகூர்த்த சீசனில் அவர் கடையில் ஜாக்கெட்டுகள் மலையாகக் கிடந்தன, அதற்கு நடுவில் எங்கள் காடாத் துணிக்கெல்லாம் ஓவர்லாக் அடித்துத் தந்தார். கைப்பிடி சேருகிற இடத்தில் சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போட்டுத் தைப்பது அவர் யோசனை. தேங்காயும் மாவுருண்டை டப்பாவும் தேன்குழலும் போட்டுத் தூக்க வேண்டிய பை அல்லவா, முதல் பையில் அஞ்சு கிலோ அரிசியைப் போட்டுக் கதவுக் கொக்கியில் ஒரு ராத்திரி தொங்கவிட்டோம். அசையவில்லை.

வெட்டும் வேலை முழுக்க ஆத்தாவும் (என் அம்மா) சின்னாத்தாவும் (சித்தி). வளவில் பாயை விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். கத்தரி வைப்பதற்கு முன்னால் ஒரு இழையை நுனியில் பிடித்து, அறாமல் மெதுவாக உருவி எடுத்தால் துணியில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டில் வெட்டினால் இம்மி பிசகாது. இந்த இழை உருவும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நகரத்தார் வீடுகளில் கும்பிடுகிற பிள்ளையார் நோன்பில் வந்தது. திருக்கார்த்திகையில் இருந்து இருபத்தோரு நாள், கோடி வேட்டியில் நாளுக்கு ஒரு இழையாக எடுத்துச் சேர்த்துத் திரி திரிப்பது ஆயாவின் பொறுப்பு, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய துணியில் உருவிப் பழகுவோம். நோன்பன்றைக்கு அந்தத் திரியை இழைமாவு என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போடும்போது இருக்கிற பயத்தில் இழையெல்லாம் மறந்துவிடும், அது வேறு கதை.

அந்தப் பாயில்தான் கதைகளும் வந்தன. ஆயா எங்களுக்குத் தைத்த பாவாடையில் கீழே மூன்று டக், உள்ளே மடித்துத் தைத்த மடிப்பு, இருக்கும். வளர்கிற பிள்ளை என்று வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து இறக்குவார், இறக்கின இடத்தில் வெளுக்காத நிறம் பட்டையாகத் தெரியும், அதை வைத்தே பள்ளிக்கூடத்தில் எங்கள் வயதைச் சொல்லிவிடுவார்கள் என்று சின்னாத்தா சிரித்தார். எவ்வளவு பெரிய வளவு இருந்தாலும் ஆயாவின் குடித்தனம் செட்டும் கட்டும்தான், ஒரு துணி கந்தலாகிக் கைப்பிடித் துணியாகிக் கரி படிந்து போகிற வரைக்கும் வெளியே போகாது. 2021இல் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, "எப்ப விட்டோம், திரும்ப எடுக்கிறதுக்கு?" என்று ஆயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு அரக்குச் சேலையில் ஆத்தாவுக்கும் சின்னாத்தாவுக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. முட்டிக்குக் கீழே வருகிற இடத்தில் ஆணியில் மாட்டின மாதிரி ஒரு கிழிசல், உள்ளங்கை அளவு, ஆயா இழையோட்டி அடைத்திருந்தார். கடை நூல் இல்லை. முந்தி நுனியில் இருந்து அதே சேலையின் இழைகளை உருவி, மேலும் கீழுமாக ஊசி நுழைத்து, கறுப்புக் கட்டம் வருகிற இடத்தில் கறுப்பு இழை, அரக்கு வருகிற இடத்தில் அரக்கு இழை. கட்டம் கூட விட்டுப்போகவில்லை. விரலால் தடவினால் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆத்தா அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டலாம் என்றார், விசேஷத்துக்குக் கொடுக்கிற பையில் ஒட்டுப் போட்ட துணியா என்று. சின்னாத்தா கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு தரவே இல்லை. கடைசியில் அது ஒரு பையின் முன்பக்கத்தில் நடுவாக வந்தது. அந்தப் பை யாருக்குப் போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது, வேண்டுமென்றே கலந்துதான் அடுக்கினோம். உங்கள் பையைத் தடவிப் பாருங்கள்.

நூல் நுனி கத்தரித்து, பைகளைப் புரட்டி, மூலையை ஊசியால் குத்திக் கூராக்கின பிள்ளைகள் எல்லோருக்கும், சீரியல் நேரத்தில் மெஷின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பங்காளி வீட்டு ஐயாவுக்கும், ராத்திரிச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு எனக்கும் எடுத்து வைத்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி. அம்மானுக்கு எதற்கு நன்றி என்றால், கடைசி வாரத்தில் பை பத்தாது போலிருக்கிறது, மிச்சத்துக்குக் கடையில் வாங்கிவிடலாமா என்று எல்லோரும் கேட்டபோது, "பத்துகிற வரைக்கும் கொடு, மத்தவுகளுக்குச் சாதாப் பை கொடு, யாரும் கோவிச்சுக்க மாட்டாக" என்று சொன்னதற்கு. இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள்தான். பரவாயில்லை.

கரைத் துண்டுகளும் பை ஆகாத உடல் துண்டுகளும் ஒரு மூட்டை மீதி இருக்கிறது. கொட்டானுக்கு (ஓலைக் கூடை) மூடி தைக்கவோ பிள்ளைத் துணி தைக்கவோ வேண்டுமென்றால் பள்ளத்தூர் வீட்டு அக்காவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மெஷினைப் பட்டாலையில், அதாவது கூடத்தில், ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறது, ஊருக்கு வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். பதினாலாம் நம்பர் ஊசி டிராயரில் இருக்கிறது, நூல் நீங்கள் கொண்டு வாருங்கள், பருத்தியா என்று ஒருமுறை கொளுத்திப் பார்த்துவிட்டு. எண்ணெய் விட வேண்டுமென்றால் பக்கத்தில் மெஷின் ஆயில் புட்டி வைத்திருக்கிறேன், தயவுசெய்து சமையல்கட்டுக்குப் போகாதீர்கள்.

அன்புடன்,
ஆயாவின் மகள் வயிற்றுப் பேத்தி