விற்பனைத்துறையில் இளைஞர்கள் ஏன் நிலைப்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை, வெளிநாட்டுக் காசு அவர்களைக் கெடுத்துவிட்டது, விற்பனை வேலைக்கு எடுத்தால் ஆறு மாதம்கூட நிற்கிறார்கள் இல்லை என்ற பேச்சை வர்த்தகர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் இங்கு கிளை பரப்பிய நிறுவனங்களில் முதலில் விற்பனைப் பிரதிநிதியாகவும் இப்போது மேற்பார்வையாளராகவும் வேலை செய்து வருபவன் என்ற முறையில், இந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். விலகிச் செல்லும் பிள்ளைகளில் பலர் அடுத்த வாரமே வேறொரு நிறுவனத்தில் அதே விற்பனை வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை கடினமானது என்பதற்காக அவர்கள் போவதில்லை. தங்களை நடத்தும் முறையைப் பொறுக்க முடியாமலே போகிறார்கள்.

முதலில் மாதாந்த விற்பனை இலக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடந்த ஆண்டின் இதே மாத விற்பனையோடு ஒரு குறிப்பிட்ட வீதத்தைக் கூட்டி, அதைக் கொழும்பிலுள்ள தலைமையகம் மாவட்டங்களுக்குப் பங்கிட்டு அனுப்புகிறது. இந்த மாவட்டத்தின் வாழ்க்கை எந்த மாதத்தில் எப்படி ஓடுகிறது என்று எவரும் எங்களிடம் கேட்பதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாட்களுக்குப் பெரும்பாலான சைவ வீடுகளில் மீன், இறைச்சி சமைக்கமாட்டார்கள் என்பது இங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும் நான் வேலை செய்யும் நிறுவனத்தில், "திருவிழாக் காலம், சனம் கூடும்" என்று காரணம் காட்டி, அந்த மாதத்திலேயே ரின்மீனுக்கும் சொசேஜுக்கும் இலக்கைக் கூட்டினார்கள். குளிர்பானத்துக்குக் கூட்டியிருந்தால் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். வாடைக்காற்று வீசி வள்ளங்கள் கரையேறும் மாதங்களில் வடமராட்சிக் கரையோரக் கடைகளிலும் தீவகத்துக் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிடும் என்பதும், வெங்காயமோ புகையிலையோ விற்று முடியும்வரை வலிகாமத்துக் கிராமக் கடைகளில் பாதி வியாபாரம் கடன் கொப்பியில்தான் நடக்கும் என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இவற்றை எடுத்துச் சொல்லும் பிரதிநிதிக்குக் கிடைக்கும் பதில், "சாட்டுச் சொல்ல வேண்டாம்" என்பதாகும்.

இத்தகைய இலக்கை எட்டுவதற்கு மாதக் கடைசி மூன்று நாட்களில் நடப்பதை வெளியார் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய கடை. கணவனை இழந்த ஓர் அம்மா நடத்துகிறார். அவருடைய கடையில் மாதத்துக்கு இரண்டு பெட்டி பிஸ்கற்றுக்கு மேல் போகாது. மாதக் கடைசியில் எங்கள் பையன் போய் நின்று, "அம்மா, எட்டுப் பெட்டி உங்கட பேரில போடுறன், வாற மாதம் திருப்பி எடுக்கிறன், என்ர வேலையைக் காப்பாத்துங்கோ" என்று கேட்கிறான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவரும் பற்றுச்சீட்டில் கையெழுத்திடுகிறார். மாதம் பிறந்ததும் ஆறு பெட்டி திரும்பி வருகிறது. சில வேளைகளில் காலாவதித் திகதி நெருங்கிய நிலையில் வருகிறது. அதன் நட்டத்தை ஏற்க நிறுவனமும் முன்வருவதில்லை, விநியோகஸ்தரும் முன்வருவதில்லை. இதைவிடக் கொடுமை, அந்த எட்டுப் பெட்டியும் உண்மையான விற்பனையாகப் பதிவாகி, அடுத்த ஆண்டின் இலக்கு அதன்மேல் கட்டப்படுவதாகும். இது பொய்யான விற்பனை என்பதைப் பிராந்திய முகாமையாளர் அறிவார், அவருக்கு மேலே உள்ளவரும் அறிவார். அவர்களுடைய ஊக்கத்தொகையும் அதே தொகையில் தங்கியிருப்பதால் எவரும் வாய் திறப்பதில்லை. பொய்க்கணக்கு எழுதப் பழக்கிவிட்டு, பின்னர் உள்ளகக் கணக்காய்வில் அது பிடிபடும்போது பற்றுச்சீட்டு எழுதிய பையனை மட்டும் விசாரணைக்கு அழைப்பது எந்த வகையில் நியாயம்?

கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் வராதபோதும் இதே நிலைதான். கடைக்காரரின் காசோலை திரும்பினால் அந்தத் தொகையைப் பிரதிநிதியின் சம்பளத்திலிருந்து தவணை முறையில் கழிக்கிறார்கள். கடன் கொடுக்கும்படி அழுத்தம் கொடுத்தவர் மேலே இருக்கிறார். கழிவு மட்டும் கீழே உள்ளவனின் சம்பளத்தில் விழுகிறது. எரிபொருள் கொடுப்பனவையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்தபோது, பல பிள்ளைகள் பழைய கொடுப்பனவோடு, வரிசையில் நின்று, சொந்தப் பணத்தில் எண்ணெய் அடித்துத்தான் காரைநகருக்கும் பருத்தித்துறைக்கும் ஓடினார்கள். அந்த மாதங்களில் நிறுவனத்தை நிமிர்த்தி வைத்திருந்தது அவர்களுடைய உழைப்பு என்று ஒரு நன்றிக் கடிதமாவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மனத்தை முறிப்பது வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு மேல் அன்றைய விற்பனைப் பட்டியல் அதில் வரும். கீழே நிற்கும் ஐந்து பெயர்களும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அதைத் தொடர்ந்து முகாமையாளரின் குரற்பதிவு வரும். எழுபது பேர் கேட்கத்தக்கதாக ஒருவரைப் பெயர் சொல்லி, "உமக்குச் சம்பளம் தாறது தெண்டம்" என்று பேசிய குரற்பதிவை நானே கேட்டிருக்கிறேன். பண்ணைப் பாலத்தருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், அன்று காலை ஆறரைக்கு வீட்டால் வெளிக்கிட்டவன், என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணை, வெயிலுக்க ஓடுறது எனக்குக் கஷ்டமில்லை. என்ர தம்பியும் அந்தக் குறூப்பில இருக்கிறான், அவன் கேக்கத்தக்கதா ஏசினதுதான் தாங்கேலாமக் கிடக்கு." அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுவிட்டான். முகாமைத்துவத்தின் பதிவேட்டில் அவன் விலகிய காரணம் "தனிப்பட்ட காரணம்" என்றே இருக்கிறது.

அந்த இரண்டு சொற்களும் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். இரண்டு மூன்று மாதம் இலக்குத் தவறியதும் எச்சரிக்கைக் கடிதம் வரும். அது ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளடக்கத்தை முழுமையாக விளங்கிக்கொள்ளாமலே பிள்ளைகள் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். பின்னர் அலுவலகத்துக்கு அழைத்து, "நாங்கள் நிற்பாட்டினால் வேறு இடத்தில் வேலை கிடையாது, நீராக எழுதித் தந்துவிட்டுப் போம்" என்கிறார்கள். அச்சடித்து ஆயத்தமாக வைத்திருக்கும் விலகல் கடிதத்தில் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் முறையிடலாம் என்பதையோ, வற்புறுத்திப் பெற்ற விலகலையும் அங்கே கேள்விக்குட்படுத்தலாம் என்பதையோ அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சட்டம் இல்லாத நாடல்ல இது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மட்டும் 3 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் இங்கு ஓடித்திரியும் பிரதிநிதிகளில் கணிசமானோர் நிறுவனத்தின் சின்னம் பொறித்த சட்டையை அணிந்து, நிறுவனத்தின் இலக்குக்காக, நிறுவன முகாமையாளரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்தாலும், கடதாசியில் உள்ளூர் விநியோகஸ்தரின் ஊழியர்களாகவே இருக்கிறார்கள். அந்த விநியோகஸ்தரிடம் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வேலை செய்வார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்தாண்டு சேவை முடித்தவருக்கே பணிக்கொடையை உறுதிசெய்கிறது. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் பாதுகாப்பும் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குக் கிடையாது. கட்டளையிடுபவர் ஒருவர், கணக்கில் முதலாளி இன்னொருவர் என்ற இந்த ஏற்பாட்டினால் எட்டு ஆண்டு வெயிலில் அலைந்தவனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான். எனக்கு மிகுந்த கோபம் தருவது இந்த ஏற்பாடுதான்.

எல்லா முகாமையாளர்களையும் ஒரே தராசில் நிறுப்பது என் நோக்கமன்று. எனது முதல் நிறுவனத்தில் தென்னிலங்கையிலிருந்து வந்த ஒரு சிங்கள முகாமையாளர், மாதத்தில் இரண்டு நாள் எங்களில் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, கடை கடையாக வருவார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. ஆனாலும் கடைக்காரரின் இறாக்கையைத் தானே பார்த்து, எது கிடக்கிறது, எது போகிறது என்று குறித்துக்கொண்டு, தலைமையகத்தோடு வாதாடி எங்கள் இலக்கைக் குறைத்துத் தந்த மாதங்களும் உண்டு. பிழை விட்டவரைத் தனியே கூப்பிட்டுத்தான் கண்டிப்பார். அவர் இருந்த காலத்தில் எங்கள் கிளையில் விலகியவர்கள் மிகச் சிலரே. அவர் மாற்றலாகிப் போன பின்னர், அதே சம்பளத்தில், அதே கடைகளில், அதே பொருட்களை விற்ற குழுவில் பாதிப்பேர் ஒன்றரை ஆண்டுக்குள் கலைந்து போனார்கள்.

நிறுவனங்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. இலக்கை நிர்ணயிக்குமுன் மாவட்டத்தில் வேலை செய்பவர்களின் கருத்தைக் கேட்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லி அவமதிப்பதை நிறுத்தட்டும். நியமனக் கடிதத்தையும் எச்சரிக்கைக் கடிதத்தையும் தமிழில் கொடுக்கட்டும். அனுமதி பெற்றுக் கொடுத்த கடன் திரும்பாவிட்டால் அந்த நட்டத்தை அனுமதித்தவர்களும் ஏற்கட்டும். இங்குள்ள வணிகர் சங்கங்கள், இளைஞர்களைக் குறைகூறும் அதே மேடைகளில், விலகிச் சென்ற சிலரையும் அழைத்துப் பேச இடம் கொடுத்தால் நன்று. தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றுண்டு: ஊழியர் முறைப்பாடு செய்யும்வரை காத்திராமல், மாவட்டத்திலுள்ள விநியோக நிலையங்களுக்கு நேரில் சென்று, சம்பளப் பதிவேட்டையும் சேமலாப நிதிக் கொடுப்பனவுகளையும் பரிசீலித்து, அங்கு வேலை செய்யும் பிள்ளைகளிடம் முதலாளியும் முகாமையாளரும் அருகில் இல்லாத நேரத்தில் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
விற்பனைத்துறை ஊழியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.

(தொழில் காரணமாகப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)