கிறவல் பாதையில் வரப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ சைக்கிளில் ஓடப்போவதாக அனுப்பிய பாதையைக் கணினியில் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பார்த்தேன். வடக்கே பொக்கன்ஹைமில் தொடங்கி, ஜேர்மன் வைன் வீதியை ஒட்டியே தெற்கே இறங்கி, பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் ஷ்வைகனில் முடித்திருக்கிறாய். 85 கிலோமீற்றர் வீதியைத் தோட்டங்களுக்குள்ளால் வளைத்து வளைத்து நூறுக்கு மேலே கொண்டுபோய்விட்டாய். குரல் பதிவாக அனுப்பாமல் தமிழில் எழுதித் தரச் சொன்னாய். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி. அவசரமென்றால் இதை மட்டும் வாசித்தால் போதும்: கோடு வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் காடு இல்லை.

அந்த வைன் வீதியே விளம்பரத்துக்காகப் பிறந்தது. 1935 ஒக்டோபரில், நாசிகளின் ஆட்சியில் திறந்தார்கள். விளைச்சல் மிகுந்து வைன் விற்காமல் தேங்கிக் கிடந்த காலம். அதை வாங்கி விற்ற யூத வணிகர்களையோ அவர்களே துரத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்களை எல்லாம் ஒரு பெயரில் கோத்து, கார் வைத்திருக்கிறவர்களை வரவழைத்துக் குடிக்கவைப்பதுதான் யோசனை. இன்றைக்கும் அது கார்களின் வீதிதான். ஓகஸ்ட் கடைசி ஞாயிறு அதைக் கார்களுக்கு மூடிவிட்டுச் சைக்கிள்காரரிடம் கொடுப்பார்கள், அன்றைக்கு ஓடலாம். நீ வரப்போவது ஒக்டோபரில்.

வீதியில் போகமாட்டேன், தோட்டத்துக்குள்ளால் போவேன் என்று சொல்வாய். தெரியும். ஆனால் அங்கே கிறவல், அதுதான் தார் போடாத சல்லிப் பாதை, எவ்வளவு இருக்கிறது என்று நினைக்கிறாய்? போருக்குப் பிறகு துண்டு துண்டாகக் கிடந்த காணிகளை ஒன்றாக்கிப் பங்கிட்டபோது, உழவு இயந்திரம் போகவேண்டும் என்று பாதைகளுக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். மிச்சம் புல். அவ்வளவு காசு கொடுத்துக் கிறவல் சைக்கிள் வாங்கிவிட்டுக் கொங்கிறீற்றில் நாள் முழுக்க உருட்டுவதற்கு ஹம்பேர்க்கிலிருந்து இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் பள்ளிக்கூட நாட்களில் காடு உனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தண்டனையாக இருந்தது. அதனால் சொல்கிறேன். இங்கே காடும் தோட்டமும் ஒரே கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. றைன் சமவெளி பூமியில் ஒரு வெடிப்பை ஒட்டிக் கீழே இறங்கிப் போனது. மேற்கே இறங்காமல் நின்றது சிவப்பு மணற்கல். அதன் மேல் இருக்கிற மண் வறண்ட, புளிப்பான மண், மரம் மட்டும்தான் தாங்கும். கிழக்கே மலையடியில் சுண்ணாம்பும் காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்ணிய மண்ணும். அங்கே திராட்சை. மேற்கிலிருந்து வருகிற மழையில் பெரும்பங்கைக் காடு வாங்கிக்கொள்ள, தோட்டத்துக்கு வெயில் மிஞ்சுகிறது. எங்கள் தெருவில் அத்திப்பழம் பழுப்பது அதனால்தான். சில இடங்களில் கடைசித் திராட்சை வரிசையிலிருந்து முதல் கஷ்கொட்டை மரத்துக்குப் பத்து அடிகூட இராது. அந்தக் கோட்டை ஒட்டிப் போகாதே, குறுக்கே வெட்டிப் போ. நான் சொல்ல வந்தது இவ்வளவும்தான்.

என் பாதை இது. காலையில் நொய்ஸ்ரட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஹம்பாக் பக்கம் ஏறு. 1832 மே மாதம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் சுதந்திரம் கேட்டுக் கறுப்பு, சிவப்பு, பொன் கொடியோடு நடந்து ஏறிய அந்தக் கோட்டைக்குக் கீழால், தோட்டங்களுக்குள்ளே மைக்கம்மர், சங்க்ற் மார்ட்டின், ஏடன்கோபன் வரைக்கும் போ. அது சும்மா உடம்பைச் சூடாக்குகிற தூரம். கொங்கிறீற் என்று குறை சொன்னேன், ஆனால் அந்தத் துண்டு எனக்கும் பிடிக்கும். ஏடன்கோபனில் மேற்கே திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் நுழை. முதலில் தார் போட்ட ஏற்றம். லோலோஸ்றூ வரைக்கும் நானூறு மீற்றர் அளவுக்கு ஏறவேண்டும். இலேசில் முடியாது, முடிக்கத் தேவையுமில்லை. அங்கிருந்துதான் கிறவல் தொடங்குகிறது. காட்டிலாகாவின் அகலப் பாதைகள், இரண்டு பக்கமும் பீச், பைன், ஓக், மேலும் கீழும் அலை அலையாக வடக்கே தோட்டன்கோப்ஃப் குடில் வரைக்கும். அதற்குப் பிறகு எல்ம்ஸ்ரைன் பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஓடையோடு லம்ப்றெக்ற் வழியாக வீட்டுக்கு. ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்குள் முடியும். உன் நூற்றுச் சொச்சத்துக்கு இது பாதிதான் என்று முகத்தைச் சுழிக்காதே. மாலையில் கால் உனக்குச் சொல்லும்.

கல்மிற் உச்சி 673 மீற்றர், காட்டிலேயே உயரம். அதையும் சேர்க்கலாமா என்று உன்னோடு வருகிற சிநேகிதி கேட்பாள். ஆசை இருந்தால் மைக்கம்மரிலிருந்து ஏறுங்கள். கியர் இல்லாத மடக்குச் சைக்கிளில் அந்த மலைக்குப் போட்டி போட்டு ஏறிய பைத்தியக்காரர்கள் இருந்த ஊர் இது, உங்களுக்கு என்ன குறை.

அறுவடை நேரத்தில் தோட்டத்துக்குள் ஓடுவது பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் கைக்கத்தரியும் வாளியுமாக அந்த வரிசைகளுக்குள் குனிந்து நின்றவன். ஊரில் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து திராட்சை பிடுங்கிப் பழகிய எனக்கு, இங்கே கம்பியில் இடுப்பளவு உயரத்தில் தொங்குகிற குலைக்கு நாள் முழுக்கக் குனிந்தே முதுகு போனது. அப்போது சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு பாய்கிறவர்களைக் கண்டால் எங்களுக்குப் பிடிக்காது. இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது. குளிரான நேரத்தில் பழத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் விடியற்காலையிலும் இரவிலும்கூட ஓடும். வரிசைக்கு மேலால் கால் விரித்து நிற்கிற அந்த உயரமான மெசினில் இருக்கிறவனுக்கு நீ கண்ணில் படமாட்டாய். நீதான் ஒதுங்கவேண்டும், இறங்கியே நில். பழம் ஏற்றிய பெட்டி வண்டிகள் சேற்றையும் சாற்றையும் பாதையில் ஊற்றிக்கொண்டு போகும். ஈரக் கொங்கிறீற்றில் அது கிறவலைவிடப் பொல்லாதது. சில ஊர்களில் அறுவடைக் காலத்தில் தோட்டப் பாதையை மூடிப் பலகை வைப்பார்கள், அதைச் சுற்றிப் போகாதே. வெடிச் சத்தம் கேட்டால் பயந்து விழுந்துவிடாதே, அது பழம் தின்ன வருகிற, மைனாவுக்கு உறவான குருவிகளை விரட்டுகிற வாயு வெடி. பிறகு, ஒரு குலையையும் பிடுங்காதே. மற்றவர்கள் பிடுங்கினாலும்.

காட்டுக்குள் கவனம் வேறு விதம். அந்தப் பாதைகள் மரம் ஏற்றுகிற பாரவண்டிகளுக்காகப் போட்டவை. புதிதாகச் சல்லி கொட்டிய துண்டுகள் வரும், கல்லின் ஓரம் கத்தி போல வெட்டும். நாற்பது மில்லிமீற்றர் ரயர் போட்டிருக்கிறாய் என்றாய், நல்லது. ஆனால் கடையில் இறுக்கி அடித்துத் தந்த காற்றோடு வராதே. உன் எடைக்கு இரண்டு, இரண்டரை பார் போதும். காற்றுக் கொஞ்சம் குறைந்தால்தான் ரயர் கல்லுக்கு வளைந்து கொடுக்கும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் உன்னைத் தூக்கிப் போடும். இறக்கத்தில் வளைவுக்கு முன்னமே பிறேக்கைப் பிடி, வளைவுக்குள் பிடிக்காதே. மணற்கல் நாடு, அதனால் வெயிலாகக் கிடந்தால் மூலைகளில் மணல் சேர்ந்திருக்கும், முன்சில்லு சறுக்கும். மழை பெய்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், அதொரு வசதி. ஆனால் அந்தச் சிவப்பு மணல் பிறேக் கட்டைகளைத் தின்னும். புதிதாக ஒரு சோடி பையில் வை.

ஒக்டோபரில் இருந்து வேட்டைக் காலம். பாதையின் குறுக்கே எச்சரிக்கைப் பலகை நின்றால் கதையே இல்லை, திரும்பிவிடு. காட்டுப்பன்றிக்கு வைத்த குறி. போன் பல இடங்களில் எடுக்காது. பாதைச் சந்திகளில் மீட்பு இடம் என்று எண் போட்ட பலகைகள் இருக்கும், அவற்றைப் போகிற போக்கில் பார்த்து மனதில் வைத்துக்கொள். 112க்கு அடித்து அந்த எண்ணைச் சொன்னால் ஆட்கள் நேரே வருவார்கள். அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

எல்ம்ஸ்ரைன் பள்ளத்தாக்கில் இறங்கினதும் வேகத்தைக் குறைத்து ஓடையைப் பார். கரை இரண்டும் வெட்டிய மணற்கல்லால் கட்டியிருக்கும். எங்கள் பால்ஸ் பகுதி பவேரியாவின் கையில் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலையில் வெட்டிய விறகைச் சமவெளிக்கு மிதக்கவிட்டு அனுப்பிய வாய்க்கால்கள் அவை. மேலே சிறு குளங்களில் தண்ணீரைத் தேக்கிவைத்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மரத்தைத் தள்ளுவார்கள். இந்தக் காட்டை 1992இல் உயிர்க்கோளக் காப்பகமாக்கினார்கள், 1998இல் எல்லைக்கு அந்தப் பக்கம் வோஜ் மலைக் காட்டோடும் சேர்த்தார்கள். அதெல்லாம் பிந்திய கதை. அதற்கு முன்னே இது பலபேரின் வேலைத்தலம். தோட்டத்துக் கம்பிகளைத் தாங்கிய கம்பங்களும் விளிம்பில் நிற்கிற கஷ்கொட்டை மரங்களிலிருந்துதான் போயின. இப்போது உலோகக் கம்பம்.

குடிலில் சாப்பிடு. பையில் அடைத்த அந்த இனிப்புப் பசைகளைத் தின்றுவிட்டு ஓடிப்போகாதே. இந்தக் காட்டில் குடில் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் 1902இல் தொடங்கிய நடைச் சங்கத்துத் தொண்டர்கள். பலது புதன், சனி, ஞாயிறு மட்டும்தான் திறக்கும், நாளைப் பார்த்துப் போகவேண்டும், கையில் காசும் இருக்கவேண்டும். இந்தக் குடில் வழக்கத்தை 2021இல் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். உன் சிநேகிதிக்கு இறைச்சி ஆகாதென்றால் அவித்த உருளைக்கிழங்கும் வெங்காயம் போட்ட வெள்ளைத் தயிர்க்கட்டியும் சொல். குழி குழியாக இருக்கிற அரை லீற்றர் கிளாசில் வைனும் சோடாவும் கலந்து தருவார்கள். கலவை என்று பெயர்தான், பெரும்பங்கு வைன். இறக்கம் மிச்சம் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு கிளாசை இருவரும் பங்கிடுங்கள்.

அப்புறம் புது வைன். வழியில் பண்ணை வாசல்களில் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்திருப்பார்கள். நுரைத்துக்கொண்டிருக்கிற பாதி வைன், நம்முடைய பனங்கள்ளைப் போல நேரத்துக்கு நேரம் குணம் மாறும். காற்று வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்கமாட்டார்கள். சைக்கிள் பையில் படுக்க வைத்தால் பையும் உடுப்பும் நாசம், இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும். நீ வாங்கவே வேண்டாம். நான் நிமிர்த்தி வைத்துக் காரில் கொண்டுவந்து வைக்கிறேன். வெங்காய அப்பம் அம்மா செய்வா, பச்சைமிளகாய் போட்டு. ஜேர்மன்காரருக்குச் சொல்லாதே.

நானும் வருவேன், ஆனால் உங்களோடு ஏறமாட்டேன். எனக்குச் சைக்கிள் என்றால் வேலைக்குப் போகிற சாமான். விளையாட்டுக்கு ஏறுகிற வழக்கம் உங்கள் தலைமுறையில்தான் வந்தது. பற்றறிச் சைக்கிளில் லம்ப்றெக்ற் பக்கத்தால் மெதுவாக ஏறி, பகலுக்குக் குடிலில் இருப்பேன். சிரித்தால் சிரி. இங்கே என் வயதுக்காரர் எல்லாரும் அதில்தான்.

ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்யவேண்டும், வேகரயிலில் அது இல்லாமல் ஏற்றமாட்டார்கள். சனி, ஞாயிறு இடம் சீக்கிரம் முடிந்துவிடும், இன்றைக்கே பார். மன்ஹைமில் இறங்கி நகர ரயிலில் நொய்ஸ்ரட்டுக்கு வா. நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓடியே வரலாம், சாமான் பையை மட்டும் நான் காரில் எடுக்கிறேன். வெள்ளி வருகிறாயா, சனி காலையா என்று அம்மா கேட்கிறா. வெள்ளி என்றால் நண்டு வாங்குவாவாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: வீட்டுப் பம்பு பழைய வால்வுக்கானது. உன்னுடைய மெல்லிய வால்வுக்கு ஒத்த தலையை நீயே கொண்டுவா.