உன் டிரங்குப் பெட்டிய திறந்தேன்

யய்யா,

நல்லா இருக்கியா. இத போன்லதான் டைப் பண்ணுதேன், அக்கா மவன் தமிழ் கீபோர்டு போட்டுக் குடுத்தான், தப்பு இருந்தா நீயே சரியா வாசிச்சுக்க. நான் போன் போட்டா ரிங் போவுது, நீ எடுக்க மாட்டேங்க, அப்புறமா "மீட்டிங்ல இருந்தேம்மா"ன்னு மெசேஜ் வருது. வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா. ராத்திரி பதினோரு மணிக்கு என்ன மீட்டிங்குன்னு நான் கேக்கல, அமெரிக்காக்காரனுக்கு அப்பதான பகலு. நேரத்துக்கு சாப்பிடு.

கைக்கட்டு பிரிச்சாச்சா? வண்டியில பாத்துப் போ. ரோடு சரியில்லன்னு நீ சொன்ன, பெங்களூர் ரோடு அப்படித்தான்னு அக்காவும் சொன்னா, சொல்லிட்டு வேற என்னமோ சொல்ல வந்தா, பெறவு அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு வெச்சுட்டா.

கோயில் அசன விருந்துக்கு நீ வரல. உன் வரிய நானே கட்டிட்டேன். மவன் வரலையான்னு கேட்டவங்களுக்கு எல்லாம் லீவு கிடைக்கலன்னு சொன்னேன். பைபிள் க்விஸ்ல மாவட்டத்துக்கே மொத ஆளா வந்த பிள்ளைன்னு நம்ம பாஸ்டர் ஐயர் இன்னும் சொல்லுதாவ, எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த மொத ஆளுக்கு அம்மைக்கு ஒரு போன் போட முடியலியேன்னும் இருந்துச்சு. சரி விடு.

சொல்ல வந்தத சொல்லுதேன். வீட்டுக்கு வெள்ளையடிச்சோம், பரண்ல இருந்த உன் டிரங்குப் பெட்டிய இறக்குனோம். உள்ள இருந்த உன் இங்கிலீஷ் காமிக்ஸ கரையான் அரிக்கல, தப்பிச்சிருக்கு. பழைய பேப்பர்காரனுக்குப் போடவான்னு கேக்க போன் போட்டேன், நீ எடுக்கல, அதனால உக்காந்து வாசிச்சேன். ஒரு மாசமா அதான் வேலை. எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு, அம்புட்டும் கேப்பிடல் லெட்டர், கண்ணாடிக்கு மேல லென்ஸ் வெச்சு வாசிக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவ கதை இப்படி ஆயிட்டு.

எல்லாம் பிடிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். வாட்ச்மென்னு ஒண்ணு, அதுல ஒரு நீலக்காரன் ஒட்டுத்துணி இல்லாம வீடு முழுக்க நடக்கான், மூடி வெச்சுட்டேன். ஆனா மத்ததுல ஒண்ணு ரெண்டு தூங்க விடல.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காத. உன் பெரிய மாமா முத்து காமிக்ஸ பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வெச்சு கோயில்லயே வாசிச்ச ஆளு. 1972ல சிவகாசியில இருந்து இரும்புக்கை மாயாவி வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு, மாமா தூங்குனதும் எடுத்து வாசிப்பேன். அந்த மாயாவியும் மொத கதையில திருடன்தான். கரண்ட் ஷாக் அடிச்சதும் உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்துல நிக்கும். எல்லாத்தையும் மறைக்க முடிஞ்சவனுக்கு அந்த ஒண்ண மறைக்க முடியாது.

உன் அயர்ன்மேன் புக்க ரெண்டு தடவ வாசிச்சேன். பாட்டில் படம் போட்டது. 1979ல வந்த கதை, மிஷலைனி, லேட்டன்னு ரெண்டு பேர் சேந்து எழுதுனது. பறக்கான், டாங்கிய தூக்குதான், கம்பெனி முதலாளி வேற, ஆனா கிளாஸ கீழ வெக்க முடியல. அந்தக் கடைசி இதழ் அட்டையில சட்டை எல்லாம் இரும்பு, தலைக்கவசத்த கழட்டி வெச்சிட்டு வேர்த்து ஊத்துன மூஞ்சிய கண்ணாடியில பாக்கான் பாரு, அத ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். வீட்டோட இருக்க அந்த ஜார்விஸ் பெரியவர குடிபோதையில கத்திடுதான், அவர் மறுநாள் ராஜினாமா லெட்டர் குடுத்துருதார். எனக்கு அந்த வில்லன் எல்லாம் ஞாபகம் இல்ல, அந்த லெட்டர்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் அவனே போயி மன்னிப்பு கேக்கான். ஆனா தானா திருந்தல, பெத்தனின்னு ஒரு பொண்ணு, அவ புருஷன் மாத்திரைக்கு அடிமையா போனவன், அத பாத்தவ, இவனையும் அப்படி விடக்கூடாதுன்னு கூடவே இருக்கா.

அதோட முடிஞ்சிட்டுன்னு நினைச்சா முடியல பாரு. கொஞ்ச வருஷத்துல திரும்ப விழுதான், இந்த தடவ ரொம்ப மோசம், கம்பெனி போச்சு, இரும்புச் சட்டைய பிரெண்டு மாட்டிக்கிட்டான், இவன் நியூயார்க் தெருவுல கிடக்கான். 1984ல வந்த 182ஆவது இதழ். பனிப்புயல்ல வீடில்லாத ஒரு பொண்ணுக்கு தெருவுலயே பிரசவம் ஆகுது, அவ செத்துப் போறா, இவன் ராத்திரி முழுக்க அந்தப் பச்சப்பிள்ளைய தன் உடம்புக்குள்ள பொத்தி வெச்சு காப்பாத்துதான். சட்டை இல்ல, பலம் இல்ல, ஒண்ணும் இல்ல, அப்பதான் ஒருத்தர காப்பாத்துதான். டிசம்பர் மாசத்துல இத வாசிச்சா ஒரு கிறிஸ்தவச்சிக்கு என்ன தோணும், சொல்லு. சத்திரத்துல இடம் இல்லாம பிறந்த பிள்ளைதான் தோணும். இத வரைஞ்சவங்க அப்படி நினைச்சாங்களோ என்னமோ, எனக்கு அப்படித்தான் வாசிக்க வருது.

வாலிபர் கூட்டத்துல சிலர் சூப்பர்மேன இயேசுவோட சேத்து பேசுதாவ, வானத்துல இருந்து வந்தாரு, காப்பாத்துனாருன்னு. எனக்கு அது ஒட்டல. உன் கிங்டம் கம் புக்குல பாத்தேன்ல, 1996ல மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் பண்ணுனது, பேரே பரமண்டல ஜெபத்துல "உம்முடைய ராஜ்யம் வருவதாக"ன்னு வருதே, அதுல இருந்து எடுத்தது. ஜனங்க வேற மாதிரி ஆயிட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு பத்து வருஷம் உலகத்த விட்டு ஒதுங்கிப் போனவன்தான அவன். (பத்து வருஷம்! யாருக்கும் ஒரு போன் இல்ல.) கடைசியில ஆத்திரத்துல ஐநா கட்டிடத்தையே ஆளுங்க தலையில இறக்கப் பாக்கான், அவன நிறுத்துனது யாரு, விசுவாசம் ஆட்டம் கண்டு போன ஒரு கிழட்டு பாஸ்டர். அடிக்கல, ஜெயிக்கல, பேசுனார், அவ்வளவுதான். அந்த பாஸ்டர அலெக்ஸ் ராஸ் தன் சொந்த அப்பாவ பாத்து வரைஞ்சாராம், அவரும் நெசமாவே ஊழியக்காரர். ஒரு மவன் தன் அப்பாவ இப்படியும் ஞாபகம் வெச்சிருக்கான்.

நாப்பது வருஷம் சண்டே கிளாஸ் எடுத்தேன், எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. எபிரெயர் 11ல விசுவாச வீரர் பட்டியல்ல சிம்சோன் இருக்கான், அவன் ஒழுங்கா? உரியா பொண்டாட்டிய எடுத்துக்கிட்ட தாவீது ஒழுங்கா? மத்தேயு மொத அதிகாரத்துல இயேசுவோட வம்சத்த எழுதும்போது "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்"ன்னு போட்டு வெச்சிருக்கு, அத விட்டுட்டு எழுதியிருக்கலாம்ல, விடல. வேதம் யாரையும் வெள்ளையடிச்சு வெக்கல. சிம்சோன் கண்ண பிடுங்கி மாவரைக்க விட்ட எடத்துல ஒரு வரி வரும், அவன் தலைமயிர் திரும்பவும் முளைக்கத் தொடங்கிற்றுன்னு. பிரசங்கத்துல யாரும் அந்த வரிய எடுக்க மாட்டாவ. எனக்கு அது பிடிக்கும். நேரத்துக்கு சாப்பிடு, ராத்திரி வெறும் வயித்தோட படுக்காத.

இதெல்லாம் உனக்குத் தெரியும், நீயும் என் கிளாஸ்ல உக்காந்தவன்தான். பெறவு எதுக்கு எழுதுதேன்னா, டேர்டெவில். கண்ணு தெரியாத வக்கீல். பார்ன் அகைன்னு 1986ல வந்தது, பிராங்க் மில்லர் எழுதி மேஸுக்கெல்லின்னு ஒருத்தர் வரைஞ்சது. பழகுன பொண்ணே போதை மருந்துக்காக அவன் ரகசியத்த வித்துடுதா, வீடு போச்சு, வேலை போச்சு, புத்தியே பேதலிச்சுப் போவுது. பின்னாடி அவளப் பாத்ததும் ஒரு கேள்வி கேக்காம அணைச்சுக்கிடுதான், அது தனி. நான் சொல்ல வந்தது அந்த சிஸ்டர் மேகி. அடிபட்டு சாகக் கிடக்கவன கன்னியாஸ்திரீங்க வெச்சுப் பாக்காங்க, அதுல ஒரு சிஸ்டர் ராப்பகலா பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுதா. நீங்க என் அம்மாவான்னு கேக்கான். இல்லன்னு சொல்லுதா. அவனுக்குத்தான் கண்ணு தெரியாதே ஒழிய காது அப்படி, நெஞ்சு துடிக்கதே கேக்கும். பொய்யின்னு தெரிஞ்சிடுது.

அந்தப் பக்கத்தோட புக்க மூடிட்டேன் யய்யா. நீயும் கேட்டிருப்ப.

பெட்டிக்கு அடியில ஒரு பழைய தமிழ் காமிக்ஸ் கிடந்துச்சு. உள்ள உன் பேரு, ஏழாம் கிளாஸ், தேதி, எல்லாம் உன் கோழிக்கிறுக்கல்ல. ஞாயித்துக்கிழமை. அது எந்த ஞாயித்துக்கிழமைன்னு உனக்குத் தெரியும். மொத நா ராத்திரி நீயும் நானும்தான் அப்பாவ வாசல்ல இருந்து உள்ள இழுத்துட்டு வந்தோம், நீ கால புடிச்ச. காலையில வேதபாடம் வாசிக்க அவங்க முறை, போகல. ஆராதனை முடிஞ்சு அப்ப இருந்த ஐயர் வீட்டுக்கே வந்துட்டாவ. என்கிட்ட கேக்கல, உன்கிட்ட கேட்டாவ. நீ என்னப் பாத்த. நான் கண்ணக் காட்டுனேன். "காய்ச்சல் ஐயா"ன்னு சொன்ன. சட்டை எல்லாம் வாடை, கொல்லையில சோப்பு போட்டு ஊற வெச்சிருந்தேன், அப்பயும் வாசல் வரைக்கும் அடிச்சுது, ஐயருக்கு மூக்கு இல்லாமலா இருக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் உன்ன உக்கார வெச்சு நோவா கதைய சொன்னேன். நோவா திராட்சரசம் குடிச்சு கூடாரத்துல கிடந்ததும், காம் வெளிய போயி சொன்னதும், சேமும் யாப்பேத்தும் துணிய எடுத்துக்கிட்டு பின்னாலயே நடந்து வந்து மூடுனதும். நீ சேம் மாதிரி இருக்கணும்யா, காம் மாதிரி இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்ட. கர்த்தருடைய வார்த்தைய எடுத்து உன் வாய அடைச்சேன். பெறவு காசும் குடுத்தேன், நீ போயி இந்த புக்க வாங்கிட்டு வந்த. அதுக்கப்புறம் எத்தன ஞாயித்துக்கிழமை, எத்தன காய்ச்சல். கமிட்டி மெம்பர் பொண்டாட்டின்னு தலை நிமிந்து நடக்கணும்ல எனக்கு. நோவா முழிச்சதும் என்ன பண்ணுனான், தன்ன நினைச்சு அழுதானா, பேரப்பிள்ளைய சபிச்சான். அத நான் உனக்கு சொல்லல.

கல்லறையில "நல்ல போராட்டத்தைப் போராடினேன்"னு நான்தான் போடச் சொன்னேன். கல்லு நட்ட அன்னைக்கு நீ அத வாசிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம போயி கார்ல உக்காந்துக்கிட்ட. மரியாதை தெரியாத பயன்னு அப்ப மனசுக்குள்ள திட்டுனேன். அப்பா கெட்டவங்க இல்ல. கடைசி நாலு வருஷம் தொடல, அதுவும் உனக்குத் தெரியும். ஆனா அத விட்ட கதையையும் நம்மால யார்ட்டயும் சொல்ல முடியாம போச்சு, குடிச்சதே இல்லன்னு ஆக்கி வெச்சிட்டமே.

இப்ப உன் மெசேஜ பாக்கேன். "மீட்டிங்ல இருந்தேம்மா." எனக்கு அது "காய்ச்சல் ஐயா"ன்னு காதுல விழுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்க. தப்பா இல்லன்னாலும் நான் இப்ப ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் எழுத வேண்டாம். அக்காவ திட்டாத, அவ ஒண்ணும் சொல்லல.

வியாழக்கிழமை நாகர்கோவில்ல இருந்து வார பெங்களூர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு, அக்கா மவன்தான் போட்டான், லோயர் பெர்த் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வந்துருவேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உனக்கு கை வேற, ஆட்டோ புடிச்சு நானே வந்துருதேன், அட்ரஸ் இருக்கு. கருப்பட்டியும் கொஞ்சம் முறுக்கும் கொண்டாரேன். உன் புக்குல மூணும் கொண்டாரேன், அந்த ஏழாம் கிளாஸ் புக்கையும். நீலக்காரன் இங்கயே இருக்கட்டும்.

நான் வாரேன்னு வீட்ட ஒதுங்க வெக்காத. என்ன எங்க கிடக்கோ அப்படியே கிடக்கட்டும்.

அம்மா