மைதான மூலைப் பங்கர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டு மைதானத்தின் மேற்கு மூலையில் இருக்கும் நிலவறையைத் திருத்தும் வேலை முடிந்துவிட்டது. சேர்த்த காசு என்னவாயிற்று என்று வாட்சப்பில் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அறிக்கை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். இதற்குத் "திருப்பணி" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பல வருடம் கோயில் பரிபாலன சபையில் இருந்தவர், வேறு சொல் வாயில் வரவில்லை.

மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, புல்லுக்குள் ஒரு கொங்கிறீற் மேடையும் பூட்டுப் போட்ட இரும்பு மூடியும் தெரிந்தன. பாழ்கிணறு என்றார்கள் சிலர், மலக்குழி என்றார்கள் சிலர். காணிக்காரரின் தகப்பன் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் இளவயதில் சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்காக அதற்குள் இறங்கியவராம். றோயல் ஒப்சேவர் கோர் என்ற பிரித்தானியத் தொண்டர் படையின் கண்காணிப்பு நிலையம் அது.

இந்தப் படை 1925 இல் தொடங்கியது. எதிரி விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அப்போது வேலை. இரண்டாம் உலகப் போரில் அதைத் திறமாகச் செய்ததால் 1941 இல் "றோயல்" என்ற அடைமொழி கிடைத்தது. ஜெட் விமானங்கள் வந்து, கண்ணால் பார்த்துச் சொல்வதற்குள் அவை தலைக்கு மேலே போய்விடும் என்றானதும், 1950களின் நடுவில் வேறு வேலை கொடுத்தார்கள். அணுகுண்டு வெடித்தால் எங்கே வெடித்தது, எவ்வளவு பெரியது, கதிர்வீச்சுத் தூசு எந்தப் பக்கம் போகிறது என்று நிலத்துக்கு அடியில் இருந்து சொல்ல வேண்டும். அதற்காக பிரித்தானியா முழுக்க 1,563 அறைகள் கட்டினார்கள். 1968 இல் செலவு கட்டாது என்று கிட்டத்தட்டப் பாதியை மூடினார்கள். மிஞ்சியவை 1991 செப்டெம்பர் வரை இயங்கின. எங்களுடையது மிஞ்சியவற்றில் ஒன்று.

சுமார் 15 அடி ஆழத்துக்கு இரும்பு ஏணி. கீழே ஒரு பக்கம் மலசலகூடம் என்று சொல்லிக்கொள்ளும் அலுமாரி அளவு இடம். மறுபக்கம் 15 அடி நீளம், ஏழரை அடி அகலத்தில் அறை. அதற்குள் மூன்று பேர், ஒரு மேசை, இரட்டைத் தட்டுக் கட்டில், 12 வோல்ற் பற்றரியில் எரியும் ஒரு சின்ன பல்ப். குளிருக்கு அவரவர் கோட்டுத்தான்.

சுவரில் ஒரு வட்ட முகப்பு இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் மேலே போகும். குண்டின் அழுத்த அலை குழாய் வழியாக வந்தால் முள் ஆடும். அந்த எண்ணை உடனே ரெலிபோனில் சொல்ல வேண்டும். வெடித்த இடத்தைக் காட்டுவது வேறு கருவி: கூரையில் வைத்த வெள்ளைத் தகர உருளை. நான்கு திசைக்கும் ஊசித்துளை ஒவ்வொன்று, உள்ளே ஒளி பட்டால் கருகும் தாள். வெளிச்சம் விழுந்த புள்ளியை வைத்துத் திசையும் உயரமும் கணிப்பார்கள். சரி, அந்தத் தாளை யார் எடுப்பது? வெடித்து ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு, மூவரில் ஒருவர் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, வெளியே போய் எடுத்துவர வேண்டும். காணிக்காரரின் தகப்பனிடம் உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா என்று கேட்டோம். "ஏணியில் வழுக்கும், அதுதான் பயம்" என்றார்.

பல நிலையங்கள் சொல்லும் திசைகள் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடம்தான் குண்டு வெடித்த இடம். அந்த வேலை பெரிய தலைமையகங்களில் நடந்தது. கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர்கள். யோர்க் நகரில் 1961 இல் கட்டிய அப்படி ஒரு தலைமையகம் இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. வேலை தொடங்குமுன் நாங்கள் ஒரு வான் பிடித்துப் போய்ப் பார்த்தோம். அங்கே கண்ணாடி போன்ற பலகையின் பின்னால் நின்று முன்னால் இருப்பவர்கள் வாசிக்கும்படி எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவார்களாம். பிள்ளைகள் பெயரை அப்படி எழுதிப் பார்த்தே அரைநாளை முடித்தார்கள்.

தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கை மேலிடத்திலிருந்து வருவதற்குத் தனிக் கம்பி இழுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த சங்கதி. ரெலிபோனில் நேரம் சொல்லும் சேவையின் கம்பிகளிலேயே அதையும் விட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஆட்கள் மணி கேட்கும் கம்பி என்றபடியால், பழுது வந்தால் உடனே தெரிந்துவிடும். நல்ல மூளை!

இனி எங்கள் வேலை. மூடியைத் திறந்தபோது உள்ளே முழங்காலுக்கு மேல் தண்ணீர். முதலில் காற்றைச் சோதிக்கும் மீற்றரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தோம். அப்புறம்தான் ஆளை இறக்கினோம். இரண்டு சனிக்கிழமை மோட்டர் வைத்து இறைத்தோம். ஊரில் கிணறு இறைத்துச் சேறு வாரின கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன என்று அன்றைக்குத் தெரிந்தது. வாளி கைமாறிய வேகத்தைப் பார்த்து, வாடகைக்கு மோட்டர் கொண்டுவந்த பையன் வாயைப் பிளந்தான். ஏணித் துருவைச் சுரண்டி, சுவரில் ஒட்டியிருந்த பொலிஸ்ரைரீன் தகடுகள் தீப்பிடிக்கும் என்பதால் கழற்றி, காற்றுத் துவாரத்துக்குப் புது வலை அடித்தோம். வெளியே கரும்பச்சை பெயின்ற் அடிக்க ஒரு ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் கொடுத்தோம். அவர் ஒரு நாள் வந்து, கிளிப்பச்சையில் பாதி அடித்துவிட்டுப் போனவர், பிறகு ரெலிபோன் எடுக்கவில்லை. பெயர் வேண்டாம். முற்பணத்தில் கொஞ்சம் போனது போனதுதான், அது நிர்வாகசபையின் பிழை. மிச்சத்தை நாங்களே அடித்தோம்.

கருவிகள் எதுவும் மிஞ்சவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பிஸ்கற் தகரத்தில் நான்கு ஊசித்துளை போட்டு, உள்ளே போட்டோத் தாள் வைத்து, மேடையில் ஒரு வாரம் விட்டார்கள். தெற்குத் துளைத் தாளில் சூரியன் போன பாதை வில் வில்லாக விழுந்திருந்தது. அதை அறைக்குள் மாட்டியிருக்கிறோம்.

திறந்த அன்று ஒருவர் மூடிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார், யாரும் சொல்லவில்லை. வயதானவர்கள் பத்துப் பேர் இறங்கினார்கள். பங்கர் என்ற சொல் எங்களில் பாதிப் பேருக்கு நித்திரையைக் கெடுக்கிற சொல். ஊரில் சண்டை நடந்தபோது பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி இருந்த குழி அது. கீழே சுற்றிப் பார்த்த ஒரு அம்மா கேட்டார்: "இவையின்ரை பெண்சாதி பிள்ளையள் எங்கை இருந்தவை?" வீட்டில்தான். இது ஒளிவதற்குக் கட்டிய இடமில்லை, சேதி சொல்வதற்குக் கட்டியது. வீட்டில் இருந்தவர்களுக்கு 1980 இல் அரசாங்கம் ஒரு கையேடு விற்றது: கதவுகளைக் கழற்றி உட்சுவரில் சாய்த்து, மேலே மண் நிரப்பிய பைகளை அடுக்கி, அதற்குள் போய் இருங்கள் என்று. அதைச் சொன்னதும் அம்மா, "கதவோ?" என்று கேட்டுவிட்டு ஏணியைப் பிடித்து மேலே ஏறிவிட்டார்.

மூடிப் பூட்டின் திறப்பு செயலாளரிடம் இருக்கும். தனியாக யாரும் இறங்க வேண்டாம், மேலே ஒருவர் நிற்க வேண்டும். ஏணிக்கடியில் இருக்கும் குழியில் மழைக்குப் பிறகு தண்ணீர் ஊறுகிறது, கைப்பம்பு வேலை செய்கிறது. மாதம் ஒரு தடவை வந்து அடிக்க இரண்டு பேர் தேவை. இதுவரை பெயர் கொடுத்தவர் ஒருவர், அவருக்கும் முதுகு சரியில்லை.