கயல்விழிக்கு: அந்த மூன்று சோதனைகளை ஓரமாக ஒதுக்காதே

அன்புள்ள கயல்விழி,

சிறு செயற்கைக்கோளின் ஆன்டெனாவை விரிக்கும் சோதனைகளைப் பற்றி, மாநாட்டுக்கென எழுதி நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை நேற்று இரவு ஒருமுறை படித்தேன். இன்று காலை காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மறுபடி படித்தேன். உன்னைப் போலவே முதல் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தயங்கும் தம்பி தங்கைகள் பலர் இருப்பதால், உன் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

"விண்வெளித் தொழில்நுட்பம் இன்று உலகெங்கும் வேகமாக வளர்ந்து வருகிறது" என்று தொடங்கியிருக்கிறாய். 400 சொற்களுக்குள் முடிக்க வேண்டிய சுருக்கத்தில் முதல் பத்தி முழுவதும் இப்படியே போய்விட்டது. அதைப் படித்துத் தேர்வு செய்கிறவர்கள் அந்தத் துறையிலேயே தலை நரைத்தவர்கள். கடைசிக்கு முந்தைய வரியில், யாரோ வற்புறுத்திச் சேர்த்ததுபோல, "40 சோதனைகளில் 3 எதிர்பார்த்தபடி அமையவில்லை" என்று இருக்கிறது. நான் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த மூன்றைப் பற்றி நீ தொலைபேசியில் எவ்வளவு அழகாகச் சொன்னாய்! அளவு நாடாவின் எஃகுப் பட்டையை வெட்டிச் செய்த ஆன்டெனா. அதை மடக்கி நைலான் நூலால் கட்டியிருக்கிறீர்கள். நூலின்மேல் நைக்ரோம் கம்பி. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறி நூல் உருகும், பட்டை விசுக்கென்று நிமிரும். அறை வெப்பநிலையில் ஒருமுறைகூடத் தவறவில்லை. வெற்றிட அறையில் மைனஸ் 20 டிகிரிக்குக் கொண்டுபோனதும் கதை மாறியது. குளிரில் பேட்டரியின் உள்மின்தடை ஏறி, மின்னழுத்தம் இறங்கி, கம்பிக்குப் போன மின்சாரம் குறைந்துவிட்டது. நூல் பாதி உருகிய நேரத்தில் டைமர் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. உருகிய நைலான் கம்பியோடு ஒட்டி அப்படியே இறுகிவிட்டது. "அக்கா, அது பசை போட்டு ஒட்டினதுபோல இருந்தது" என்றாய். கயல், உன் கட்டுரை அந்த வாக்கியம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேலே போன செயற்கைக்கோளில் இதே கோளாறு வந்தால் அதை யாரும் அறிய முடியாது. ஏவுகலத்திலிருந்து பிரிந்த பிறகு குறைந்தது 30 நிமிடங்கள் காத்திருந்துதான் ஆன்டெனாவை விரிக்க வேண்டும் என்பது கியூப்சாட் எனப்படும் சிறு கனசதுரச் செயற்கைக்கோள்களுக்கான விதி. அந்த நேரம் கழிந்து நூல் அறுபடவில்லை என்றால் சிக்னல் வராது. தரைநிலையத்தில் மாணவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேட்டரி செத்ததா, மென்பொருள் நின்றதா, ஆன்டெனா விரியவில்லையா? ஊமை கண்ட கனவுதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்வார்ட்வவுட் பல ஆண்டுகளாகக் கியூப்சாட்களின் கதியைத் தொகுத்து வருகிறார். பல்கலைக்கழகங்கள் முதன்முறையாகச் செய்து அனுப்பியவற்றில் கணிசமானவை ஒரு சிக்னல்கூடத் தராமல் போயிருக்கின்றன. அவை எதையும் சொல்லப்போவதில்லை. தரையில், கண்ணெதிரே, அளவுக்கருவிகளோடு நடந்த உன் மூன்று தோல்விகள்தான் சொல்ல முடியும்.

தோல்வியை எழுதினால் நம் கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று உன் வழிகாட்டி தயங்குகிறார் என்றாய். அவரிடம் கலிலியோ விண்கலத்தைப் பற்றிச் சொல். வியாழனுக்குப் போன அந்த விண்கலத்தின் பெரிய ஆன்டெனா குடைபோல விரிய வேண்டியது. 1991 ஏப்ரலில் கட்டளை கொடுத்தார்கள். அதன் 18 கம்பிகளில் சில மாட்டிக்கொண்டு, குடை பாதியிலேயே நின்றுவிட்டது. சேலஞ்சர் விண்ணோட விபத்துக்குப் பிறகு பயணம் தள்ளிப்போனதால் அந்த விண்கலத்தை லாரியில் கலிபோர்னியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, மறுபடி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தச் சாலைக் குலுக்கலில் அந்தக் கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின்மேல் பூசிய உலர் மசகு தேய்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பொறியாளர்கள் வந்தார்கள். அதை மூடி மறைக்கவில்லை. 1994-இல் விண்கல இயங்குபாகங்களுக்கான கருத்தரங்கில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர் ஒருவர் இந்தக் கோளாறை எடுத்துவைத்தார். அந்தக் கட்டுரை இன்றும் நாசாவின் இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மடக்கி விரிக்கும் எதையும் வடிவமைப்பவர் படிக்க வேண்டியது அது. ஜேபிஎல்லுக்கு அதனால் பெயர் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை.

என் கதையையும் சொல்கிறேன். உன் வயதில் என் கட்டுரை ஒன்று வெளிநாட்டு மாநாட்டுக்குத் தேர்வானது. விசா வந்தபோது மாநாடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மேடையில் பேசாதவரின் கட்டுரை தொகுப்பில் வராது என்பது விதி. இரண்டு ஆண்டு உழைப்பு மேசை இழுப்பறைக்குள் போனது. பயணம் தவறியதைவிட, அந்த அளவீடுகள் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. உனக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.

சர்வதேச விண்வெளி மாநாடு இந்தியாவில் 1988-இல் பெங்களூரிலும் 2007-இல் ஹைதராபாத்திலும் நடந்தது. அதன்பின் நம் பக்கம் வரவில்லை. டிக்கெட், தங்கும் செலவு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் உன் அப்பாவின் பல மாதச் சம்பளம். ஆனால் 2020-இல் கொரோனாவால் மாநாடு முழுக்க இணையத்தில் நடந்தபோது கட்டணமே வாங்கவில்லை. செய்ய முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது. இப்போதும் அந்த மாநாட்டில் உலகத் தொழில்நுட்ப அமர்வுகள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இளம் பணியாளர்களுக்கான குழுவும் சேர்ந்து நடத்துவது. தங்கள் ஊரில் இருந்தபடியே இணையம் வழியாகப் பேச அதில் இடம் உண்டு. அந்தந்த ஆண்டின் விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டு அங்கே அனுப்பு. நேரில் போக ஆசை இருந்தால் இளைஞர்களுக்கான பயண உதவித்தொகைக்கும் விண்ணப்பி. 1999-இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. விண்வெளி மாநாட்டின் விளைவாகப் பிறந்த விண்வெளித் தலைமுறை ஆலோசனைக் குழுவில், 18 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஒத்த வயதினர் உன் வரைவைப் படித்துக் கேள்வி கேட்பது பெரிய உதவி.

ஆங்கிலத்தைப் பற்றி நீ பயப்படுவது தெரியும். நீ தமிழில் சிந்திக்கிறாய், எழுத உட்கார்ந்தால் சொற்கள் விறைத்துவிடுகின்றன. அதனால் முதலில் முழுவதையும் தமிழில் உன் தம்பிக்குச் சொல். அவன் எங்கே "ஏன்?" என்று கேட்கிறானோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது என்று பொருள். பிறகு சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுது. கேட்பவர்களில் ஜப்பானியர் இருப்பார், பிரேசில்காரர் இருப்பார், துருக்கியர் இருப்பார். அவர்களுக்கும் அது வீட்டு மொழி கிடையாது. நிதானமாகப் பேசினால் நன்றி சொல்வார்கள்.

நூலின் தடிமன், கம்பியின் நீளம், மின்சாரம், அறையின் அழுத்தம், டைமரின் விநாடிகள் எல்லாவற்றையும் அலகோடு எழுது. முன்பின் தெரியாத ஒரு மாணவி வேறொரு நாட்டில் அதைப் பார்த்து அதே சோதனையைத் திருப்பிச் செய்ய முடிய வேண்டும். கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால் "அதை நாங்கள் அளக்கவில்லை" என்று சொல்லிவிடு. அனுபவசாலிகள் அந்தப் பதிலை மதிப்பார்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கல்லூரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் அனுப்பாதே. நூலைக் கட்டும் உங்கள் முறைக்குக் காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகே வெளியில் பேசு. முதலில் பேசிவிட்டால் பல நாடுகளில் அந்த உரிமை போய்விடும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு அழைக்கிறேன். அதற்குள் முதல் பத்தியை நீக்கிவிட்டு, "மைனஸ் 20 டிகிரியில் மூன்று முறை நூல் அறுபடவில்லை" என்று தொடங்கி எழுதிப் பார். அறுபடாத அந்த மூன்று நூல் துண்டுகளையும் தபால் உறையில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவற்றைப் பத்திரமாக வை. நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடு. பக்கத்தில் அளவுகோல் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா