ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்டா என்றாலே நெல்லும் மேட்டூர் தண்ணீரும்தான் செய்தியாகின்றன. அதன் தென்கோடியில், மனோரா கோட்டைக்கு எதிரே, கடலுக்கடியிலும் ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. ஆவுளியா என்று எங்கள் பக்கம் சொல்லும் கடல்பசு அங்கே கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். நாளைக்கு 30, 40 கிலோகூட. மேய்ந்த தடம் ஏர் ஓட்டிய சால் மாதிரி இருக்கும்.

2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பை அரசு கடல்பசு காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. நல்ல காரியம். ஆனால் போன மாதம் வலை உதறும் இடத்தில் நின்றபோது, இறாலோடு கை நிறையப் பச்சைப் புல் விழுந்தது. வேரில் சேறுகூடக் காயவில்லை. இழுவலைப் படகுகள் கரையை ஒட்டி வலை இழுக்கக் கூடாது என்ற விதி யாருக்காக?

ஆவுளியா மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடத்துக்கொருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். 3 முதல் 7 ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஒன்று போனால் ஈடுகட்டுவது லேசில்லை.

மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவருக்குச் சால்வையோடு நிறுத்தாமல், வலைக்கான பணத்தை அதே வாரம் கொடுங்கள். நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு வலைதான் கைமுதலே. புல்வெளி எங்கே தொடங்குகிறது என்று காட்ட மிதவைகளும் போடுங்கள்.

- ஒரு வாசகர், சேதுபாவாசத்திரம்